நெஞ்சில் 'பேட்டரி' வைத்தவருக்கு நிற்காத விக்கல்!

ராத்திரி 1 மணிக்குப் படபடப்பு... பஸ்சில் ஏறினால் இருதயம் ஓட்டம்... எது சாதாரணம்? எது ஆபத்து?

விக்கல் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நிற்கவில்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். அப்போதும் நிற்கவில்லை. "ஊர்ல யாரோ நினைக்கிறாங்க" என்றாள் மனைவி. மூச்சை அடக்கிப் பார்த்தார். ஊகும்!

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினால் ஓர் அதிசயம். நிமிஷத்துக்குச் சரியாக 60 விக்கல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

இது சாதாரண விக்கல் அல்ல. நெஞ்சில் 'பேஸ்மேக்கர்' வைத்துக்கொண்ட சிலருக்கு வருகிற விக்கல். அந்தக் கருவி நிமிஷத்துக்கு 60 தடவை இருதயத்தைத் தட்டுகிறது. தட்டுவது இருதயத்தோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிவிடுகிறது. பக்கத்து வீடு எது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை. அந்தத் தசை துள்ளினால் விக்கல்தான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னால் இது பெரும்பாலும் கத்தி இல்லாமலே தீர்ந்துவிடும். ஆனால் பலர் போவதில்லை. விக்கலைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம்!

என்ன பயம்?

"திரும்பவும் ஆபரேஷன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" இதுதான் அந்தப் பயம்.

கருவி வைக்கவே வீட்டில் கடன் வாங்கியிருப்பார்கள். மகன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பான். மறுபடியும் அவனைக் கஷ்டப்படுத்துவதா என்று பெரியவர் வாயை மூடிக்கொள்கிறார். அப்படி மூடிக்கொண்ட வாய்தான் சில சமயம் ஆளையே கவிழ்த்துவிடுகிறது.

உண்மை என்னவென்றால், கருவியால் வருகிற கோளாறுகளில் பலவற்றை வெளியே இருந்தபடியே சரிசெய்துவிடலாம். டாக்டர் ஒரு சின்னக் கருவியை நெஞ்சின்மேல் வைப்பார். பக்கத்தில் கம்ப்யூட்டர் போன்ற ஒரு பெட்டி இருக்கும். உள்ளே இருக்கும் பேஸ்மேக்கரோடு அது ரேடியோ அலையில் பேசும். தட்டும் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மின்சாரத்தின் அளவையும் குறைக்கலாம். நோயாளி சும்மா படுத்திருந்தால் போதும். ஊசிகூடக் கிடையாது!

விக்கல்காரருக்கும் முதலில் இதைத்தான் செய்வார்கள். மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படுவது நின்றுவிடலாம். ஆனால் கம்பி இடம் மாறியிருந்தாலோ, இருதயச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ சமாசாரம் வேறு. அது உடனே கவனிக்க வேண்டியது. இரண்டில் எது என்பதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் விக்கலானாலும் போய்ச் சொல்ல வேண்டும்.

தீப்பெட்டி அளவு காவல்காரன்

கருவி பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் வித்தியாசமான அளவில் ஒரு டைட்டானியம் டப்பா. எடை 20 முதல் 30 கிராம் வரை. பெரும்பாலும் இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி செய்து வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ இரண்டு கம்பியோ ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்குள் போகிறது. கம்பியே இல்லாமல், மாத்திரைக் குப்பி மாதிரி இருதயத்துக்குள்ளேயே வைக்கும் கருவியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் அதற்கு அனுமதி கிடைத்தது.

எப்போதும் தட்டிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இருதயம் தானாகத் துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். துடித்தால் சும்மா இருக்கும். தாமதமானால் ஒரு தட்டு. இருதயமே அடியோடு சோம்பிவிட்டவருக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தட்டு. அந்த மின்சாரம் மிகச் சின்னது. கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட நீடிக்காது. சாதாரணமாக யாருக்கும் அது தெரிவதே இல்லை.

ஆனால் புதிதாக வைத்துக்கொண்டவருக்கு எல்லாமே தெரியும். நிமிஷத்துக்கு 30, 40 என்று தடுமாறிக்கொண்டிருந்த இருதயம் திடீர் என்று 60-க்கு வந்தால் சும்மா இருக்குமா? இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணையில் 'தொம் தொம்' என்று கேட்கும். சில வாரங்களில் பழகிவிடும்.

ஆபரேஷன் செய்த இடத்தில் வலி, அரிப்பு, மரத்துப்போனது போன்ற உணர்ச்சி, யாரோ உள்ளே இருந்து இழுப்பது போன்ற ஓர் இழுப்பு. இவையும் முதல் சில வாரங்களுக்குச் சகஜம். அந்தக் கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அதைக் கேட்டுவிட்டுக் கையை அசைக்காமலே கட்டிப்போட்டு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு. தோள் இறுகிப்போய்விடும்!

நள்ளிரவு மர்மம்

டாக்டர்களின் அறையில் நடக்கிற பேச்சு ஒன்று இந்த மாதிரி இருக்கும்:

"டாக்டர், தினம் ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் நின்னுடுது."

"தினமும் ஒரே நேரத்துலயா ஐயா?"

"ஆமா டாக்டர். சுவர்க்கடிகாரம் ஒரு மணி அடிக்கும். இதுவும் ஆரம்பிச்சுடும். வீட்ல சொன்னா மனப்பிரமைன்னு சிரிக்கிறாங்க."

டாக்டர் சிரிப்பதில்லை. "நேரத்தைக் கவனிச்சு வச்சிருக்கீங்களே, அதுதான் ரொம்ப உபகாரம்" என்பார்.

மர்மம் இதுதான். சில கருவிகள் தினமும் ஊர் அடங்கிய பிறகு தாங்களே ஒரு சோதனை நடத்துகின்றன. எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் இந்த இருதயம் துடிக்கும் என்று பார்ப்பதற்கான சோதனை அது. பேட்டரியை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த நேரத்தில் துடிப்பின் வேகம் கொஞ்சம் மாறும். நல்ல தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தூக்கம் வராமல் புரளுகிறவருக்குத் தெரிந்துவிடும். சோதனை நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் நேரத்தை மாற்றிவைக்கலாம். தேவை இல்லை என்றால் நிறுத்தியும் வைக்கலாம்.

மனப்பிரமை என்று சொல்லிச் சிரித்த வீட்டார் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்!

பஸ்சில் ஏறினால்...

மாடிப்படி ஏறினால் எல்லாருக்கும் இருதயம் வேகமாகத் துடிக்கும். பேஸ்மேக்கர்காரருக்கும் துடிக்க வேண்டாமா? அதற்காகப் பல கருவிகளுக்குள் அசைவை உணரும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். உடம்பு அசைந்தால், "ஆள் நடக்கிறார், ரத்தம் அதிகம் வேண்டும்" என்று கருவி நினைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டிவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஸ்சின் கடைசி சீட்டில் உட்கார்ந்தால்? சென்னை ரோட்டின் மேடு பள்ளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உடம்பு குலுங்குகிறது. கருவி ஏமாந்துபோகிறது. ஆள் சும்மா உட்கார்ந்து டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறார். இருதயமோ படி ஏறுகிற ஆள் போலத் துடிக்கிறது! ஆட்டோவிலும் இதே கதை. டிரில்லிங் மெஷின் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கும் இது வரலாம்.

இதனால் உயிருக்கு ஆபத்து என்று பயப்பட வேண்டாம். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றால் அடங்கிவிடும். தொந்தரவாக இருந்தால் அந்தப் பொறி எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை டாக்டர் திருத்தி வைப்பார். ஆனால் "பஸ்சில் போகும்போது வருகிறது, வீட்டில் வருவதில்லை" என்று சொன்னால்தான் அவருக்கு விளங்கும். "படபடப்பா இருக்கு டாக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால் என்ன செய்வார்?

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் நீடித்தது. கடைக்காரர்களுக்கு வரவு செலவு எழுதுவது புதிதா என்ன? கருவியும் தன் வயிற்றுக்குள் இதே போல ஒரு கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. துடிப்பு தாறுமாறாக ஓடிய நேரங்கள் அதில் பதிவாகும். இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்தால் காரணம் கிடைப்பது சுலபம்.

கழுத்தில் துள்ளல்

கழுத்து நரம்பு துள்ளுகிறது. கூடவே களைப்பு. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. கருவி வைத்த பிறகு இப்படி இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

இருதயத்தில் நாலு அறை உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் அறை முதலில் சுருங்கி ரத்தத்தைக் கீழே அனுப்பும். பிறகு கீழ் அறை சுருங்கி வெளியே தள்ளும். கீழ் அறையில் மட்டும் ஒற்றைக் கம்பி வைத்த சிலருக்கு இந்த முறை குழம்பிவிடும். இரண்டு அறையும் ஒரே சமயத்தில் சுருங்கும். கீழே போகும் வால்வு மூடியிருக்கும். மேல் அறையின் ரத்தம் போக வழி இல்லாமல் கழுத்துப் பக்கம் எகிறும். அதுதான் அந்தத் துள்ளல்.

டாக்டர்கள் இதற்கு 'பேஸ்மேக்கர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேகத்தை மாற்றிப் பார்ப்பார்கள். சரியாகாவிட்டால் மேல் அறைக்கும் ஒரு கம்பி வைக்க வேண்டி வரலாம். வைத்த பிறகு, "இத்தனை நாள் இப்படியா கஷ்டப்பட்டேன்" என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு.

கருவி 60-க்கு வைத்திருக்கும்போது வீட்டு பி.பி. மெஷின் நாடித் துடிப்பு 40 என்று காட்டும். தூக்கிவாரிப் போடும்! நடுநடுவே இருதயம் தானாக ஓர் அரைத் துடிப்பு துடித்திருக்கும். அது கைநாடி வரைக்கும் வந்து சேராது. மெஷின் அதை எண்ணாமல் விட்டுவிடும். பல சமயம் இவ்வளவுதான். மயக்கம் எதுவும் இல்லாவிட்டால் பதற வேண்டாம். ஆனால் போன் செய்து கேட்டுவிட வேண்டும். மயக்கமும் கூட இருந்தால் போன் போதாது. நேரில் ஓட வேண்டும்.

கையைச் சும்மா வையுங்கள்!

தோலுக்கு அடியில் டப்பா தட்டுப்படுகிறது. கை சும்மா இருக்குமா? டி.வி. பார்க்கும்போது தடவும். பேப்பர் படிக்கும்போது உருட்டும். சிலர் தங்களுக்கே தெரியாமல் டப்பாவைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். டப்பா சுற்றச் சுற்றக் கம்பி அதில் நூல்கண்டு போலச் சுற்றிக்கொள்ளும். கடைசியில் இருதயத்தில் இருக்கும் நுனி கழன்று வந்துவிடும்!

இது கட்டுக்கதை அல்ல. 1968-ல் கனடா நாட்டு டாக்டர்கள் இதை முதன்முதலாக எழுதி வெளியிட்டார்கள். இப்படிக் கம்பி இழுபடும்போது தோளில் தசை வெடுக் வெடுக்கென்று துடிக்கும். விக்கல் வரும். பழைய மயக்கமும் திரும்பி வரும்.

டப்பா இருக்கும் இடத்துத் தசை மட்டும் துடித்தால் வேறு ஒரு காரணமும் உண்டு. கம்பியின்மேல் இருக்கும் உறை கிழிந்து மின்சாரம் கசியலாம். வீட்டு ஒயரில் உறை போனால் என்ன ஆகுமோ, அதேதான்.

அந்த இடம் சிவந்தால், வீங்கினால், சூடாக இருந்தால், நீர் கசிந்தால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். கருவி வைத்துப் பல வருஷம் ஆன பிறகும் இது வரலாம். சின்னக் கட்டிதானே என்று மஞ்சள் பற்று போடுவதும், ஊசியால் குத்திவிடுவதும் விபரீதம். கிருமி கம்பி வழியாக இருதயத்துக்கே போய்விடும்.

சட்டைப் பை செல்போன்

கருவி இருப்பது இடது பக்கம். நம் ஊர்ச் சட்டைகளுக்குப் பை இருப்பதும் இடது பக்கம். செல்போன் போவதும் அந்தப் பைக்குள்தான்!

இந்த இடத்தில் காந்தம் பட்டால் கருவி, இருதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்துவிடும். நெஞ்சில் ஏதோ குறுகுறுப்பு தெரியும். காந்தத்தை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். சில புதிய செல்போன்களில் காந்தம் இருக்கிறது. காதில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்களின் டப்பாவிலும் இருக்கிறது. இவற்றைக் கருவிக்கு 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும். ரேடியோ, ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறவர்கள் காந்தத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். மார்போடு அணைத்துப் பிடிக்கக் கூடாது.

மின்விசிறி, பிரிஜ், மிக்சி, டி.வி. எதனாலும் கவலை இல்லை. இண்டக்சன் அடுப்புக்கு மட்டும் 2 அடி தள்ளி நிற்பது நல்லது. ஆனால் "கிரைண்டரைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே மாவாட்டுகிற வீடுகள் உண்டே, அங்கேதான் அபாயம். அந்தக் கசிவு மின்சாரம் கருவியைக் குழப்பிவிடும். எர்த் சரி செய்துவிட்டு மறு வேலை.

மெட்ரோ ரெயில் நிலையத்தில் சோதனைச் சட்டத்துக்குள் நடந்து போகலாம். அதில் சாய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. கையால் தடவும் கருவியை நெஞ்சின்மேல் வைத்திருக்க வேண்டாம் என்று கார்டைக் காட்டிச் சொல்லலாம்.

26 கருவி மாற்றிய மனிதர்

பேட்டரி தீர்ந்தால் திடீர் என்று நின்றுவிடுமா? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நிற்காது. தீருவதற்குச் சில மாதங்கள் முன்பே கருவி எச்சரிக்கை காட்டிவிடும். சில கருவிகள் அப்போது சிக்கனமாக ஒரே வேகத்துக்கு மாறிக்கொள்ளும். படி ஏறினாலும் வேகம் கூடாது. அதனால் காரணம் தெரியாத களைப்பு வரும். பல வருஷம் நன்றாக இருந்தவருக்குத் திடீர்க் களைப்பு வந்தால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொன்ன கெடுவில் செக்கப்புக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை வராது. முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட உலகத்தின் முதல் மனிதர் சுவீடன் நாட்டு ஆர்னே லார்சன். அப்போது வயது 43. ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி விடவில்லை. எஞ்சினீயர் ரூனே எல்ம்குவிஸ்டையும், ஆபரேஷன் டாக்டர் ஆகே சென்னிங்கையும் விரட்டி விரட்டிக் கேட்டார். 1958 அக்டோபர் 8-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. கருவியை வார்க்க அச்சாக உபயோகப்பட்டது என்ன தெரியுமா? ஷூ பாலிஷ் டப்பா!

அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே படுத்துவிட்டது. அடுத்ததை வைத்தார்கள். அதன் பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 26 கருவி! 1972-ல் லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான் கருவிகளின் ஆயுள் நீண்டது. லார்சன் 2001-ல் தமது 86-வது வயதில் காலமானார். இருதயக் கோளாறால் அல்ல, புற்றுநோயால். கருவியைச் செய்த எஞ்சினீயரும் வைத்த டாக்டரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

எப்போது ஓட வேண்டும்?

கருவி வைப்பதற்கு முன்பு வந்த அதே மயக்கம் திரும்ப வந்தால், கண் இருட்டிக்கொண்டு விழப்போனால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. கம்பி நகர்ந்திருக்கலாம், ஒடிந்திருக்கலாம். அதுவும் ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்களில் அதிக ஜாக்கிரதை வேண்டும். நிற்காத விக்கலோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தாலும் இதேதான். கருவி வைத்த பக்கத்துக் கை வீங்கினாலும் காட்ட வேண்டும்.

'ஷாக்' கொடுக்கும் கருவி வேறு. அதற்கு ஐ.சி.டி. என்று பெயர். அதை வைத்தவருக்கு நெஞ்சில் குதிரை உதைத்தது போல அடிக்கும். ஒரு தடவை அடித்து, பிறகு நன்றாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து அடித்தாலோ, ஆள் சோர்ந்தாலோ தாமதம் கூடாது.

இன்னொன்றும் உண்டு. 'நமக்குத்தான் பேஸ்மேக்கர் இருக்கே, மாரடைப்பு வராது' என்று தைரியமாக இருப்பவர்கள் பலர். கருவி பார்ப்பது துடிப்பின் வேகத்தை மட்டும். ரத்தக்குழாய் அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நெஞ்சை அழுத்தும் வலி வந்தால், வியர்த்துக் கொட்டினால், அது வாயு என்று சோடா குடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மறக்காமல் கருவியின் கார்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன மாடல், என்றைக்கு வைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேசாது. கார்டு இல்லாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் எந்தக் கருவி என்று கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்தில் அதற்கு வேறு நேரம் போகும். கார்டை பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்து பர்சில் வைத்துக்கொள்ளலாம்.